அண்ணை என்று கத்தினால் யார் வருவார்?

1. வேலை கிடைத்த விதம்

வுப்பர்டாலில் ஒரு சின்னப் பயண பஸ் கொம்பனிக்கு வேலை கேட்டுப் போன நாளில் முதலாளி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கேட்டது ஜெர்மனில். நான் எங்கள் ஈழத்துப் பேச்சில் எழுதுகிறேன்.

"மலை ரோட்டாலை பஸ்ஸை இறக்கேக்கை உனக்குப் பயம் வருமோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, "ஓம், நல்லா வரும்" என்றேன்.

"அப்ப நாளைக்கு வா. பயமில்லை எண்டு சொன்ன ஆள் போன கிழமை கண்ணாடியை உடைச்சுக்கொண்டு வந்து நிக்கிறான்."

இப்படித்தான் நான் சாரதி ஆனேன். இப்போது பஸ் ஓட்டப் பழகும் எங்கள் பிள்ளைகள் சிலர், "அங்கிள், இவ்வளவு வருசமும் உங்களுக்குப் போரடிக்கேல்லையோ?" என்று கேட்கிறார்கள். பயந்துகொண்டே இருக்கிறவனுக்குப் போரடிக்காது. எனக்கு இறக்கத்தில் பயம், பிரேக் சூடேறினால் பயம், பின்னுக்கு எடுக்கும்போது யாராவது நிற்பார்களோ என்று பயம். எல்லைகளில் சோதனை இல்லாமல் போன பிறகும், எல்லைப் பலகையைக் கண்டால் என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். உள்ளே ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கை அது. அந்தக் கையை நான் திருத்தப் போனதில்லை.

ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கிராமத்தில் பட்ட பயத்தைப் போல் நான் பட்டதில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2. சும்மா பார்க்கப் போன பயணம்

யூரோக் காசு வந்து கொஞ்சக் காலம். எங்கள் ஆட்களில் பலருக்கு அப்போதுதான் ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்திருந்தது. பயணம் என்றால் கலியாணம், செத்தவீடு, மாதாவின் திருநாள், இவ்வளவுதான். டிலானி என்று ஒரு பிள்ளை, இங்கே வளர்ந்து காப்புறுதி அலுவலகமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தவள், அதை மாற்ற நினைத்தாள்.

"கோயிலும் வேண்டாம், கலியாணமும் வேண்டாம். சும்மா இடம் பாக்க எண்டு ஒருக்காப் போவம்" என்றாள்.

பள்ளியில் படிக்கும்போது அவள் தெற்குப் பிரான்ஸில் ஒரு கிராமத்தில் சில வாரங்கள் தங்கியிருக்கிறாள். பிரெஞ்சு நன்றாகப் பேசுவாள். அந்தக் கிராமத்துக்கே போவது என்று முடிவாயிற்று. அதன் பெயர் இன்றைக்கும் என் வாயில் சரியாக வராது. அதனால் எழுதவில்லை.

நல்ல இடம், பொய் சொல்லக்கூடாது. கல் வீடுகள், ஒரு கல் பாலம், பாலத்துக்குக் கீழே பச்சை நிறத்தில் ஆறு. மேலே குன்றில் இடிந்த கோட்டை. முதல் நாள் சந்தைக்குப் போனோம். ஆட்டுப்பால் சீஸை முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். கஷ்கொட்டை ஜாமை மட்டும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். பின்னேரம் ஒரு சுண்ணாம்புக் குகை. கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கின. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். தலைக்கு மேல் அவ்வளவு கல்லை வைத்துக்கொண்டு எனக்கு ரசிக்கத் தெரியாது.

இந்தக் குழுவில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மன்னார்ப் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. பேச்சு மிகக் குறைவு. பஸ்ஸில் எத்தனையோ அண்ணைமார் இருந்தார்கள். கடைக்கார அண்ணை, பாட்டுக்கார அண்ணை, நான் றைவர் அண்ணை. இவருக்கு மட்டும் முன்னால் ஒன்றும் இல்லை. வெறும் அண்ணை. 'அண்ணை' என்றாலே இவர்தான் என்று எல்லோருக்கும் விளங்கும். இவருடைய மனைவி றீற்றா அக்கா, எங்கள் பஸ்ஸின் வானொலி. அவர் இவரை 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடுவார். இவரும் திரும்பிப் பார்ப்பார். பயணப் பட்டியலில் 'றீற்றா, இரண்டு பேர்' என்றுதான் எழுதியிருந்தது.

3. மரத்தில் தொங்கிய பலகை

இரண்டாம் நாள் ஆற்றுக்கு. இளசுகள் டிலானியோடு சின்னப் படகுகளில் பள்ளத்தாக்கு வழியே கீழே போவது. மற்றவர்கள் ஆற்றோரப் பாதையில் நடந்துவிட்டுக் கிராமத்துக்குத் திரும்புவது. நான் வெறும் பஸ்ஸைச் சுற்றி ஓட்டிப்போய்ப் படகுக்காரரை ஏற்றி வருவது.

படகு வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் நின்றபோதுதான் அதைக் கண்டேன். கரையில் நின்ற மரமொன்றில், என் தலைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு உடைந்த பலகையும் கிழிந்த பிளாஸ்ரிக் பையும் சிக்கித் தொங்கின.

"உதை ஆர் உங்கை கொண்டுபோய் வைச்சது எண்டு கேள் பிள்ளை" என்றேன் டிலானியிடம்.

கேட்டாள். படகுக்காரன் சிரித்தான். "ஆறுதானாம் வைச்சது" என்றாள்.

மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் எறித்தாலும் வெள்ளம் வருமாம். இன்றைக்கு வருமா என்று கேட்டேன். இரவுக்குத்தான் மழை சொல்லியிருக்கிறார்கள், பின்னேரத்துக்கு முன் எல்லோரும் கரையேறிவிட வேண்டும் என்றான். அதை அப்படியே நடக்கப் போகிறவர்களிடம் சொன்னேன்.

"றைவர் அண்ணை, சும்மா சனத்தை வெருட்டாதேங்கோ" என்றார் றீற்றா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் பின்னர்தான் கேட்டறிந்தேன். கொஞ்சத் தூரம் நடந்ததும் ஆறு அகலமாகி, கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும் ஓரிடம் வந்திருக்கிறது. கடற்கரையில் பிறந்த மனிதர் அல்லவா, அண்ணை தண்ணீரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். அக்கரையில் பாறைக்குக் கீழே மீன் நிற்பதைக் கண்டாராம். "நீங்கள் நடவுங்கோ, நான் ஆறுதலா வாறன்" என்று பின்னால் வந்தவர்களிடம் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டார். றீற்றா அக்கா முன்னால் கதைத்துக்கொண்டு போனவர். மனிசன் அலுத்துப்போய்ப் பஸ்ஸுக்குத் திரும்பியிருப்பார் என்று நினைத்தார். பஸ்ஸோ என்னோடு கீழே நின்றது.

4. தண்ணீரின் நிறம்

படகுகள் கரையேறும் இடத்தில் நான் காத்திருந்தேன். என் தலைக்கு மேல் வெயில். ஆனால் வடக்கே மலைகளுக்கு மேல் வானம் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்து வந்தது. ஒரு துளி மழை இல்லை. பச்சைத் தண்ணீர் முதலில் கலங்கியது. பிறகு பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. சுள்ளிகள் மிதந்து வந்தன. அதன் பின்னால் ஒரு முழுக் கிளை.

நான் கரையில் நின்று கத்தினேன். யாரைக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. வளைவைத் தாண்டி எங்கள் படகுகள் வந்தன. கடைசிப் படகைப் படகுக்காரர்கள் கயிறு எறிந்துதான் இழுத்தார்கள். நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். எல்லாத் தலையும் இருந்தது. ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குத் திரும்பினேன். மலை வளைவுகளில் கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. நடக்கப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல் பாலத்தில் சனம் கூடி நின்றது. தீயணைப்பு வண்டிகள். கரையோரமாக எங்கள் ஆட்கள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டு, "அண்ணை! அண்ணோய்!" என்று ஆற்றைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் றீற்றா அக்கா. என்னைக் கண்டதும், "உங்களோடை வரேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் அப்படியே ஒரு கல்லில் குந்திவிட்டார்.

தீயணைப்புக்காரர்களும் கரையெங்கும் பரவி நின்று, "அனா! அனா!" என்று கூப்பிட்டார்கள். பாருங்கள், என் புத்தியை. முன்பின் தெரியாத வெள்ளைக்காரரும் அண்ணை என்று கூப்பிடுகிறார்களே என்று அந்த நடுக்கத்திலும் எனக்குக் கண் கலங்கியது.

ஹெலிகொப்டர் ஒன்று வந்து பள்ளத்தாக்கின் மேலே போய்ப் போய்த் திரும்பியது. ஒரு பாறையையும் விடவில்லை. யாரையும் காணவில்லை என்றார்கள்.

அப்போது தீயணைப்புக்காரர் ஒருவரின் வோக்கிடோக்கி கரகரத்தது. அவர் முகம் மலர்ந்து டிலானியிடம் ஓடிவந்து, ஹெலிகொப்டர் இரைச்சலுக்கு மேலால் இரண்டு மூன்று சொல் கத்தினார். டிலானி துள்ளினாள்.

"அண்ணா கிடைச்சிட்டாராம்! கம்பிங் இடத்திலை இருக்கிறாராம்! சுகமாம்!"

எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். றீற்றா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். ஹெலிகொப்டர் திரும்பி அடுத்த பள்ளத்தாக்கை நோக்கிப் போனது. அங்கேயும் வெள்ளமாம். நாங்கள் கைகாட்டி அதை வழியனுப்பி வைத்தோம்.

5. கம்பளிக்குள் இருந்தவள்

கூடாரம் அடித்துத் தங்கும் அந்த இடம் பாலத்துக்கு அப்பால், நடக்கும் தூரம்தான். றீற்றா அக்கா எல்லோருக்கும் முன்னால் ஓடினார். கம்பளி போர்த்திய ஒருவர் கதிரையில் முதுகு காட்டி இருந்தார். "இஞ்சாருங்கோ" என்று அக்கா தோளைத் தொட்டார்.

திரும்பியது ஒரு பெண்பிள்ளை. பொன்னிறத் தலைமயிர், கையில் பிஸ்கட். படகு கவிழ்ந்து கரையேறிய ஒல்லாந்துப் பிள்ளையாம். எங்களைப் பார்த்துப் பயந்துபோய், "நான் அன்னா" என்றாள்.

அருகில் நின்ற கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். றீற்றா அக்கா மட்டும் விளங்காமல் பக்கத்துக் கம்பளிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிலானிக்கு முகம் வெளுத்தது. தீயணைப்புத் தலைவரிடம் ஓடினாள். அண்ணை என்பது பெயர் இல்லை, மூத்த சகோதரனைக் கூப்பிடும் சொல், வயதில் மூத்த யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று மூச்சு வாங்க விளக்கினாள். அந்த மனிதர் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: "சரி, அவரின்ரை பேர் என்ன?"

கடைக்கார அண்ணைக்குத் தெரியவில்லை. பாட்டுக்கார அண்ணைக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் பல வருடம் குடியிருந்த பெண்ணுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பானையில் சோறு தின்றும், ஒரு மனிதனின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அன்ரி, பேரைச் சொல்லுங்கோ" என்றாள் டிலானி.

றீற்றா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். "எங்கட வீட்டுக்காரர்..."

"பேர் அன்ரி, பேர்!"

"நான் சொல்லக்கூடாது பிள்ளை. பெண்சாதி பேர் சொன்னா மனிசன்ரை ஆயுள் குறையும். கட்டின நாளிலை இருந்து ஒருக்காலும் சொன்னதில்லை. இந்த நேரத்திலையோ சொல்லச் சொல்லுறாய்?"

டிலானிக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அக்காவின் பயம் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால், நானும் சொல்லாதேங்கோ என்றுதான் சொல்லியிருப்பேன். கடைசியில் அக்கா டிலானியின் காதில் வாயை வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார்.

மரியதாஸ்.

6. பள்ளத்தாக்கில்

ஹெலிகொப்டர் அடுத்த பள்ளத்தாக்கில் சிக்கியவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது, உடனே வராது என்றார்கள். கயிறுகளோடு சில தீயணைப்புக்காரர்கள் ஆற்றோரப் பாதையில் கிளம்பினார்கள். அவரோடு அவர் பாஷையில் பேச ஆட்கள் வேண்டும் என்று றீற்றா அக்காவையும் என்னையும் டிலானியையும் கூட்டிப்போனார்கள். போக எனக்கு விருப்பமே இல்லை. போகாமல் நிற்கவும் பயமாக இருந்தது, அதனால் போனேன்.

காலையில் மற்றவர்கள் நடந்த பாதையில் பாதி தண்ணீருக்குள். மேட்டுப் பாதையால் ஏறினோம். கீழே ஆறு உறுமியது. வேரோடு மரங்கள் உருண்டு பாறையில் மோதும் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனால் குறைந்துகொண்டு வந்தது.

"மாரியாதா!" என்று தீயணைப்புக்காரர் கத்தினார்கள். பதில் இல்லை. நான் வாயைத் திறந்தேன். பழக்கத்தில் "அண்ணை!" என்றுதான் வந்தது. வெட்கப்பட்டு, "மரியதாஸ் அண்ணை!" என்று மாற்றினேன். என் சத்தத்தை ஆறு எனக்கு முன்னாலேயே விழுங்கியது.

அப்போது றீற்றா அக்கா பாதையின் ஓரத்துக்குப் போய் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மரியதாஸ்!"

அந்தக் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு மிச்ச மரியாதையும் போய்விட்டது.

"மரியதாஸ்! எங்கையடா நிக்கிறாய்? மரியதாஸ்!"

அக்கரையில், வெள்ளத்துக்குக் கொஞ்சம் மேலே, பாறை உள்வாங்கிய ஒரு பொந்து இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை வந்தது. பிறகு தலை. அண்ணை தவழ்ந்து வெளியே வந்து விளிம்பில் நின்றார்.

அவரைக் கண்டதோடு பயம் தீரவில்லை. அதன் பிறகுதான் அதிகமானது. தீயணைப்புக்காரரில் பாதிப் பேர் பாலத்தைச் சுற்றி அக்கரை மேட்டுக்குப் போய்க் கயிறு இறக்க வேண்டும். அதுவரை நாங்கள் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் நின்ற விளிம்புக்குக் கீழே ஒரு வெள்ளைக் கல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது தெரியவில்லை. றீற்றா அக்கா விடாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், கத்தாமல், செபமாலை சொல்வது மாதிரி. ஒரு வழியாக மேலே மனிதத் தலைகள் தெரிந்தன. கயிற்றில் ஒருவர் இறங்கி, அண்ணையைத் தன்னோடு பட்டியால் கட்டினார். இருவரும் மேலே இழுபட்டுப் போகும்போது நான் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிலானிதான், "ஏத்திட்டினம் அங்கிள்" என்றாள்.

பாலத்தடியில் அவரைக் கொண்டுவந்து இருத்தியபோது தீயணைப்புத் தலைவர் கேட்டது, டிலானி மூலமாக: "ஹெலிகொப்டர் உங்களுக்கு மேலாலை எத்தினையோ தரம் போனது. ஏன் கை காட்டேல்லை?"

அண்ணை எங்களைத்தான் பார்த்தார். இதை எப்படிக் கேட்கிறீர்கள் என்பது போல.

"ஹெலி வந்தா ஆர் தம்பி வெளியிலை நிப்பினம்? ஊரிலை சண்டைக்குள்ளை அதிலை வந்துதானே சுட்டவங்கள். சத்தம் கேட்டது, பொந்துக்குள்ளை போயிட்டன். பிரான்ஸிலை நிக்கிறன் எண்டு தெரியும். கால் சொல்வழி கேக்கேல்லை."

"நாங்கள் கூப்பிட்டது கேக்கேல்லையோ?" என்றேன்.

"அனா, அனா எண்டு வெள்ளைக்காரச் சத்தம் காத்திலை கேட்டது. ஆரோ ஒரு பொம்பிளைப் பிள்ளை காணாமப் போட்டுது எண்டு நினைச்சன். அது கிடைக்க வேணும் எண்டு மன்றாடிக்கொண்டு இருந்தனான். கிடைச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை, கிடைச்சிட்டுது" என்றேன்.

டிலானி இதையெல்லாம் மொழிபெயர்த்தபோது தலைவர் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

திரும்பி வரும்போது அவர்கள் இருவரும் எனக்குப் பின்னாலிருந்த இருக்கையில் இருந்தார்கள். அண்ணை மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது.

"பேர் சொல்லி அப்பிடியோ கத்துறது? சனமெல்லாம் கேட்டிருக்குமெல்லே."

"கேக்கட்டும்" என்றார் றீற்றா அக்கா.

7. வேலை பழகும் பிள்ளைகளுக்கு

தலை எண்ணுவது மட்டும் போதாது. நான் அன்றைக்கு என் பஸ்ஸின் தலைகளைச் சரியாகத்தான் எண்ணினேன். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் ஒருவரையும் கூப்பிட முடியாது. அண்ணை, அக்கா, அன்ரி, அங்கிள் எல்லாம் நல்ல சொற்கள்தான், ஆனால் தேடிக் கண்டுபிடிக்க உதவாது. ஆள் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தேடி வருகிறவர்களுக்கு அந்த ஆள் எதற்குப் பயப்படுவார் என்றும் சொல்லுங்கள். நாங்கள் அதைச் சொல்லவில்லை. காப்பாற்ற அனுப்பிய ஹெலிகொப்டரே அவரைப் பொந்துக்குள் துரத்தியது. எனக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். ஹெலி மேலே வந்தபோது அந்தக் கரையில் முதலில் குனிந்த ஆள் நான்தான்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு, எங்கள் ஆட்களை ஏற்றினால் கதவை மூடுமுன் மைக்கைப் பின்னால் அனுப்புவேன். ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும், கூட வந்தவரின் பெயரையும், பயப்படும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். முதலில் பெரிய பகிடியாகத்தான் இருக்கும். நாய் என்பார்கள், உயரம் என்பார்கள், மாமியார் என்பார்கள். பெண்கள் கணவன் பெயரைச் சொல்லாமல் நெளிவார்கள். நான் எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் இருப்பேன்.

மறுவருடம் ஒரு பயணத்துக்கு அவர்கள் இருவரும் வந்தார்கள். மைக் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. றீற்றா அக்கா எழும்பிப்போய் அதை வாங்கிக்கொண்டார்.

"நான் றீற்றா. இவர் மரியதாஸ். ஹெலிச் சத்தம் கேட்டா ஒளிச்சிடுவார். அந்த நேரம் நான்தான் கூப்பிடோணும், வேறை ஆரும் கூப்பிட்டா வரமாட்டார்."

பஸ் முழுவதும் சிரித்தது. அவரும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் கதவை மூடி, பஸ்ஸை எடுத்தேன்.